யாரும் எடுக்காத நம்பர்

எங்கள் நகரில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அம்மாவின் போன் இரண்டு முறை அடித்து நின்றுவிடும். அம்மா தைத்துக்கொண்டிருக்கும் ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, "தண்ணி!" என்று ஒரு குரல் கொடுப்பாள். உடனே தெரு முழுக்கக் கேட் திறக்கும் சத்தமும், ஹோஸ் பைப்பை இழுக்கும் சத்தமும் கேட்கும்.

அந்த இரண்டு மணியை அடிப்பவர் வேம்புலி அண்ணன். அம்மாவுக்கும் அண்ணன், எனக்கும் அண்ணன். பேரன் பேத்தி எடுத்த மனிதர்தான். ஆனாலும் பச்சையம்மன் நகரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். எங்கள் தெருவிலேயே மூத்தவரான பொன்னம்மாள் ஆயாவுக்கு மட்டும் அவர் வெறும் வேம்புலி.

ஆவடியிலிருந்து வெள்ளானூர் பக்கம் வந்தால் எங்கள் நகர் இருக்கிறது. பாதி மனையில் வீடு, பாதி மனையில் முள்செடி. எங்களுக்கென்று ஒரு போர்வெல், ஒரு டேங்க், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நலச் சங்கம். போரில் தண்ணீர் குறைவு என்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் திறந்துவிடுவார்கள். எந்த நேரம் என்று சொல்ல முடியாது. கரண்ட் இருந்து டேங்க் நிரம்ப வேண்டும். ஒவ்வொரு தெரு முனையிலும் ஒரு சின்னக் குழியில் வால்வு இருக்கும். வேம்புலி அண்ணன் சைக்கிள் பாரில் கட்டிய நீளமான இரும்புச் சாவியோடு வந்து, மூடியைத் தூக்கி, வால்வைத் திறப்பார். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். கொஞ்ச நேரம் விட்டு மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார்.

மற்ற நேரத்தில் எல்லோரும் வீட்டுக் குழாயை மூடித்தான் வைக்க வேண்டும். திறந்தே வைத்தால் முதல் வீட்டு சம்ப்புத் தொட்டி மட்டும் நிரம்பும், கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். இதற்காக நடந்த சண்டைகளுக்குப் பிறகு போட்ட விதி இது. அதனால் அந்த மிஸ்டு கால் வரவில்லை என்றால் தண்ணீர் வந்ததே யாருக்கும் தெரியாது.

அந்த மிஸ்டு காலை எடுக்கக் கூடாது. இது யாரும் எழுதி வைக்காத இன்னொரு விதி. பேசினால் அவருக்குக் காசு போகும் என்று இருந்த காலத்தில் வந்த பழக்கம். இப்போது யாருக்கும் அப்படிக் காசு போவதில்லை. ஆனாலும் எடுக்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். சின்னப் பிள்ளை தெரியாமல் எடுத்துவிட்டால்கூட அம்மாக்கள் முதுகில் ஒன்று வைப்பார்கள்.

அவர் ஏன் மிஸ்டு காலுக்கு மாறினார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வேம்புலி அண்ணனின் அப்பா அம்மா இந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்குப் போனவர்கள். அவர் சின்ன வயதிலேயே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்துவிட்டார். தகட்டை வைப்பது, மெஷின் இறங்குவது, எடுப்பது. நாள் முழுக்க அந்தச் சத்தம். அந்தக் கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது அவருடைய இடது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று அவரே சொல்வார். "வலது காது மட்டும் பாக்கி கீதும்மா. அத்த அவங்க கேக்கல" என்பார். பிறகு வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் வாட்ச்மேனாக இருந்தார். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூக்கம் வராமல் ஆள் பாதியாக இளைத்துவிட்டாராம். அவர் மனைவி தாயம்மா அக்காதான், எங்கள் சங்கத்தில் தண்ணீர் விட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இவரை இழுத்துக்கொண்டு வந்தார்.

வந்த புதிதில் அவர் போன் செய்து வாயால்தான் சொன்னார். காது மந்தமாக இருப்பவர்கள் பேசுவது போல, ஓடுகிற மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் சொல்வது போல, "தண்ணி உட்டுட்டேன்!" என்று கத்துவார். அப்போது எங்கள் தெருவில் அவர் கூப்பிட்டது பொன்னம்மாள் ஆயா வீட்டுக்கு. ஒருநாள் ஆயா, "எதுக்குடா இப்டி கத்தற? நான் இன்னா செவுடா?" என்று கேட்டுவிட்டார். அதோடு அவர் போனில் பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்த முறையிலிருந்து இரண்டு மணி, கட்.

எங்கள் வீட்டுக்கு அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். நான் பத்தாவது படிக்கும்போது என் அப்பா பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தார். துணி அலசவும் அப்பாவைத் துடைக்கவும் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் போதாது. அம்மா யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் தெருவுக்கு மட்டும் தண்ணீர் கொஞ்சம் அதிக நேரம் வந்தது. அம்மா ஒருநாள் தெரு முனைக்கே போய்க் கேட்டாள். வேம்புலி அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வால்வு டைட்டா கீதும்மா. மூட டைம் ஆவுது" என்றார். அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்த வாரம் வால்வு சரியாகிவிட்டது.

இந்த மனிதரைத்தான் எங்கள் நகர் திருடன் என்றது. அதற்குக் காரணம் ஒரு போன்.

போன வருடம் ஆடித் தள்ளுபடியில் அம்மா கரையான்சாவடியில் ஒரு போன் வாங்கினாள். திரை பெரிதாக இருக்கிறது, சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாம் அதே போனை வாங்கினார்கள். எங்கள் நகரில் புடவையும் மிக்ஸியும் இப்படித்தான் பரவும். பங்குனி மாதத்தில் ஒருநாள் காலை எழுந்தபோது போனின் முகமே மாறியிருந்தது. எழுத்து வேறு, நிறம் வேறு, பச்சை பட்டன் இருந்த இடத்தில் வேறு ஏதோ. "புதிய அனுபவத்துக்கு வரவேற்கிறோம்" என்று எழுதியிருந்தது. ராத்திரி தானாக அப்டேட் ஆகிவிட்டதாம்.

அன்று தண்ணீர் நாள். போன் அடிக்கவே இல்லை. சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு அம்மா டேங்க் பக்கம் போய்ப் பார்த்தால், எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் விட்டு முடித்துவிட்டு அவர் சாவியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குட்தேம்மா. எப்பவும் போல ரெண்டு மணி அடிக்க உட்டுத்தான் கட் பண்ணேன்" என்றார்.

"வரலியேண்ணே. போன பக்கத்துலயேதான் வச்சிருந்தேன்."

"நான் இன்னாத்துக்குமா பொய் சொல்லப் போறேன்?"

அடுத்த தண்ணீர் நாளும் இதேதான். எங்கள் தெரு மட்டுமில்லை, முக்கால்வாசித் தெருக்களில் போன் அடிக்கவில்லை. வெயில் கொளுத்துகிறது, சம்ப்பில் அடிமண் தெரிகிறது. பொன்னம்மாள் ஆயா தோளில் துண்டோடு தெரு நடுவில் நின்று, "லாரிக்காரன் கிட்ட வித்துட்டு இங்க வந்து கத சொல்றான்" என்றார். யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. குடிக்க கேன் வாங்குகிற நேரத்தில் அடுத்தவர்மேல் சந்தேகப்படுவது சுலபமாக இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் போடலாமே என்று ஒருவர் சொன்னார். எங்கள் நகர் குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் எந்தச் செய்தியும் கண்ணில் படாது. அதுவுமில்லாமல் வேம்புலி அண்ணனிடம் இருப்பது பட்டன் போன்.

புகார் சங்கச் செயலாளர் ஹேமநாதன் சாரிடம் போனது. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் தினமும் பத்து வீட்டுக்காரர்களிடம் பதில் சொல்லிச் சலித்தவர். டேங்க் அடியில் எல்லோர் முன்னாலும் வைத்து முடிவாகச் சொன்னார்.

"இதோ பாருப்பா. அடுத்த தடவ தண்ணி விடும்போது நானே வந்து நிக்கறேன். அன்னிக்கும் தெருவுக்குத் தகவல் வரலன்னா சாவிய வச்சிட்டுப் போயிடு. திருமுல்லைவாயல்ல ஒரு பையன் ரெடியா இருக்கான்."

வேம்புலி அண்ணன் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு காது கேட்காத, இந்த வயது மனிதரை வேறு எந்த வேலைக்குக் கூப்பிடுவார்கள்? மறுபடியும் எங்கோ ராத்திரி வாட்ச்மேன் வேலைதான். அதைவிட, திருடிவிட்டு வேலை போனவர் என்ற பேரோடு இதே ஊரில் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "அந்த மனுஷன் குடுத்தேன்னா குடுத்திருப்பாருடி" என்று சொல்லிச் சொல்லிப் போனை நோண்டினாள். நானும் உட்கார்ந்து தேடினேன். புதிதாக வந்திருந்த ஏதோ ஒரு மூலையில், நாங்கள் திறந்தே பார்க்காத ஒரு பக்கத்தில், 'வேம்புலி அண்ணன் தண்ணி' என்ற பெயர் சிவப்பு நிறத்தில் இருந்தது. தண்ணீர் விட்ட நாள்களில், தண்ணீர் விட்ட நேரத்தில், அவர் சொன்னபடியே அழைத்திருந்தார். ஒவ்வொரு அழைப்புக்குக் கீழேயும் "மோசடியாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தது.

அம்மா போனைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு, "செருப்பப் போடு, கரையான்சாவடி போலாம்" என்றாள்.

ஆவடியில் பஸ் மாறி, பருத்திப்பட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தபோது சர்வீஸ் சென்டரில் உட்கார இடமில்லை. ஸ்வீட் ஸ்டாலுக்கு மேலே மாடியில் இருக்கிறது அது. டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றோம். பாதிப்பேர் அந்த அப்டேட்டால் வந்தவர்கள். ஒருத்தருக்கு அலாரம் அடிக்காமல் ஷிப்ட் போயிருந்தது. இன்னொருத்தருக்கு சார்ஜ் நிற்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆட்டோ டிரைவர், "நான் பேசினு கீறப்பவே தானா கட் ஆவுது மாமே. சவாரி கேட்டவன் நான் தான் கட் பண்ணேன்னு திட்றான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் டோக்கன் வந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் பவ்யா என்று பேர் இருந்தது. காலையிலிருந்து திட்டு வாங்கிய முகம்.

"ஆன்ட்டி, அப்டேட் ஆனா ஆனதுதான். பழசுக்குத் திரும்பிப் போக முடியாது. அடுத்த அப்டேட்ல சரியாயிடும்."

"அது எப்போம்மா வரும்?"

"எங்களுக்கும் சொல்லல ஆன்ட்டி."

"அது வர்ற வரைக்கும் எங்க நகர்ல தண்ணி குடிக்காம இருக்கச் சொல்லட்டா?" என்றாள் அம்மா. "என் போனு, என் ஊட்ல, நான் தூங்கினு இருக்கும்போது யாரக் கேட்டு மாத்தினாங்க?"

"அப்டி கேளுக்கா!" என்றார் ஆட்டோ டிரைவர் பின்னாலிருந்து. "திருடன்கூட கதவத் தட்டிப் பாத்துட்டுதான் வருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். பவ்யாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் அம்மாவின் கோபம் கொஞ்சம் இறங்கியது. "சாப்டியாம்மா நீ?" என்று கேட்டாள். அம்மா எல்லோரையும் அப்படித்தான் கேட்பாள். பவ்யா இல்லை என்று தலையாட்டிவிட்டு, போனை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தாள். அதுவரை எல்லோருக்கும் சொன்ன பதிலை எங்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பார்த்தாள்.

"இந்த நம்பர் யாரோடது ஆன்ட்டி? வந்த கால்ல ஒண்ணுகூட நீங்க எடுத்ததே இல்லியே."

"எடுக்கக் கூடாதும்மா. அது மிஸ்டு கால்."

"எல்லாமே சில செகண்ட்லயே கட் ஆயிருக்கு. யாருமே எடுக்கல. ஏமாத்தற கம்பெனிங்க இப்டித்தான் அடிப்பாங்க. அதனால இது அவரையும் அந்தக் கணக்குல சேத்திருக்கும்னு நினைக்கறேன். அந்த மாதிரி நம்பர் வந்தா கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம வச்சிருந்துட்டு அப்புறம்தான் அடிக்குது. அவர் அதுக்குள்ள கட் பண்ணிடறாரு."

"பேர் போட்டு வச்சிருக்கேனேம்மா?"

"பேர் இருந்தா விட்டுடணும் ஆன்ட்டி. அதான் இந்த அப்டேட்ல தப்பு. அந்த செட்டிங்க ஆஃப் பண்ணாலும் மறுநாள் தானா ஆன் ஆயிடுது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஆபீஸ்ல இப்டி எதுவும் சொல்லல. நான் பாத்த வரைக்கும் சொல்றேன். அவர கொஞ்ச நேரம் அடிக்க விடச் சொல்லுங்க. நீங்க எடுத்துப் பேசுங்க. நாலஞ்சு தடவ பேசினா இது வேண்டிய நம்பர்னு புரிஞ்சிக்கும்."

வரும் வழியில் பஸ்ஸில் அம்மா ஒன்றுதான் சொன்னாள். "இத்தன வருஷத்துல அவர் போன ஒரு தடவகூட எடுத்ததில்லடி நாம."

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனோம். தாயம்மா அக்கா மோர் கொடுத்தார். அம்மா விஷயத்தைச் சொன்னாள், சிவப்பு எழுத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஆனால் வேம்புலி அண்ணன் போனைக் கேட்டு வாங்கினார். கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மோ... சடி." நிறுத்தினார். "யாரு, நானா?"

யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் இன்னொரு முறை படித்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "இத்தினி வருசம் நீகூட சொல்லாதத்த ஒரு போனு சொல்லிடுச்சு பாரு" என்றார்.

"எனக்கு அப்பவே தெரியும், பாவம்னு உட்டேன்" என்றார் தாயம்மா அக்கா.

சிரித்தார்கள். ஆனால் அவர் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது திரையைக் கீழ்ப்பக்கமாக வைத்துத்தான் கொடுத்தார்.

எடுத்துப் பேச வேண்டும் என்றதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு போன்ல பேச வராதும்மா. நான் பேசினா கத்தற மாதிரி கீதுன்றாங்க. பொம்பளைங்க பயந்துக்கறாங்க. வேணாம். சாவி போனா போவுது."

"சாவி போனா என் ஊட்டுக்காரர் படுத்துக் கெடந்தப்ப டைட்டான மாதிரி வால்வு இனிமே டைட்டானா எவன் வந்து மெதுவா மூடுவான்?" என்று அம்மா கேட்டாள்.

அவர் மோர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எத்தினி மணி அடிக்க உடணும்?" என்று கேட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். சிவப்பு எழுத்தைப் படம் எடுத்து அதையும் போட்டாள். "அவர் குடுத்திருக்காரு, நம்ம போனுதான் மறைச்சிருக்கு. உங்க போன்லயும் பாருங்க. நாளைக்கு வேம்புலி அண்ணன் போன் வந்தா மிஸ்டு கால்னு உட்றாதீங்க. எடுத்து ரெண்டு வார்த்த பேசுங்க." பூக்களுக்கு நடுவில் அது யார் காதில் விழுந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஹேமநாதன் சார் சொன்னபடி வந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார். தெருவே கூடியிருந்தது. அம்மா போனை மதில்மேல் வைத்தாள். பொன்னம்மாள் ஆயா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். முனையில் வால்வு இருக்கும் இடம் முள்செடி மறைத்து எங்களுக்குத் தெரியாது.

திரை விளக்கு எரிந்தது. பேர் வந்தது, கீழே அந்தச் சிவப்பு எழுத்து. சத்தம் இல்லை.

"பாத்தியா, அடிக்கல" என்றார் பொன்னம்மாள் ஆயா.

"இருங்க ஆயா."

ஹேமநாதன் சார் குனிந்து பார்த்தார். அவர் கண்ணால் பார்த்தது அதுதான்: வேம்புலி அண்ணன் கூப்பிடுகிறார், போன் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக இந்நேரம் அவர் கட் செய்திருப்பார். இன்று செய்யவில்லை. பிறகு போன் அடித்தது. அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுண்ணே."

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, சொல்லுண்ணே."

"தண்ணி உட்டுட்டேன்!"

மதில் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ஸ்பீக்கரில் ஒரு முறை, முள்செடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேராக ஒரு முறை, இரண்டு தடவை கேட்டது அந்தக் குரல். தெரு மொத்தமும் சிரித்தது. ஹேமநாதன் சார் காதைத் தேய்த்துக்கொண்டு, "இவருக்கு எதுக்கு போன்?" என்றார்.

பொன்னம்மாள் ஆயா எழுந்து வந்து அம்மா கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஏய் வேம்புலி."

"சொல்லும்மா!"

"காது கிழியுதுடா."

"சரிம்மா!" என்றார் அதே சத்தத்தில்.

ஆயாவின் வாய் ஓரத்தில் சிரிப்பு வந்தது. அதை மறைக்கத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "கத்தினா கத்து. போன மட்டும் நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குழாயைத் திறக்கப் போனார். லாரி என்று சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும். அதுவே பெரிது என்று வேம்புலி அண்ணன் பிறகு சொன்னார்.

ஹேமநாதன் சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மற்றத் தெருக்களுக்கும் போனார். அம்மாவின் குரல் பதிவை எல்லோருமே கேட்டிருந்தார்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் எடுத்துப் பேசினார்கள். ஒரு வீட்டில் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு வீட்டில் தாயம்மா அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஒரு தெருவில் அவரிடம் பேச வேண்டும் என்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்களாம். அவர் வால்வுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வலது காதில் போனை அழுத்திக்கொண்டு, எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்கிறார். அதனால் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போகவே வெகுநேரம் ஆகிவிட்டது. அந்தத் தெருப் பெண்கள் ஹேமநாதன் சாரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா சார், எல்லாரும் அவர்கிட்ட பேசினே இருந்தா எங்களுக்கு எப்ப தண்ணி வரும்?"

"தகவல் வரலன்னு ஒரு புகார். வந்தா பேசறாங்கன்னு ஒரு புகாரா?" என்று தலையில் கை வைத்தார் அவர். வேம்புலி அண்ணன் வேலை முடிந்து, முடிவை அவரே சொல்லட்டும் என்று, சாவியைக் கழுவி அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார். ஹேமநாதன் சார், "எடுத்துட்டுப் போப்பா. புடுங்கறதா இருந்தா அந்த போன் கம்பெனிக்காரன்கிட்ட இருந்துதான் ஏதாவது புடுங்கணும்" என்று ஸ்கூட்டரைத் திருப்பினார்.

பவ்யா சொன்னது சரியாகத்தான் இருந்தது. சில தண்ணீர் நாள்கள் பேசியதில் சிவப்பு எழுத்து போய்விட்டது. முதலில் எங்கள் போனில், பிறகு ஒவ்வொரு தெருவாக. அம்மா அவளுக்கு ஒரு டப்பாவில் லெமன் சாதம் கட்டிக்கொண்டு கரையான்சாவடி வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த போனைக் கெடுத்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு மனிதரின் பேருக்குக் கீழே அப்படி எழுதும் முன்னால் யாராவது ஒருத்தர் யோசித்திருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்திலும் நின்று பார்த்த பவ்யாவுக்கும், போனால் போகட்டும் என்று விடாத அம்மாவுக்கும், எங்கள் அப்பா படுத்திருந்தபோது மெதுவாக வால்வை மூடியவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கிறேன். அடுத்து என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன். இதை எழுத மட்டும் உட்கார்ந்தேன்.

போன வாரம் அடுத்த அப்டேட் வந்தது. அன்று போன் பழையபடி உடனே அடித்தது. ஒன்று, இரண்டு, நின்றுவிட்டது. அம்மா வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்துவிட்டு வந்து, அவருக்கே போன் போட்டாள்.

"இன்னாண்ணே, கட் பண்ணிட்ட?"

"அதான் போனு நல்லாயிடுச்சேம்மா! இன்னும் எதுக்கு பேசினு? ஒனக்கும் வேல கெடுது!"

"அதெல்லாம் கெடையாது. மறுபடியும் அடிண்ணே. நான் எடுக்கறேன்."

போனை வைத்தாள். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள், ஆனால் மிதிக்கவில்லை. போன் அடித்தது. ஒரு முறை முழுதாக அடிக்கவிட்டு எடுத்தாள்.

"தண்ணி உட்டுட்டேன்!"

"சரிண்ணே. சாப்டியா?"

"பழைய சோறு, கருவாடு! நீ சாப்டியாம்மா?"

அம்மா கொஞ்சம் தயங்கினாள். எல்லோரையும் கேட்கிறவளிடம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் இல்லண்ணே" என்றாள். "இப்ப தண்ணி புடிச்சிட்டு சாப்டறேன்."